வாசலில் வைத்த சுழி

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அத்தை வாசற்படியைத் தாண்டியதும் ஒரு கணம் நிற்பாள். தோளில் தொங்கும் பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மீன்முள்போலக் கிளைத்த ஆன்டெனாக் கம்பியைத் தூக்கிப் பிடித்து, "மூச்!" என்று ஓர் அதட்டல் போடுவாள். வீட்டுக்குள் இருப்பவர்கள் எது செய்துகொண்டிருந்தாலும் அப்படியே நிறுத்திவிட வேண்டும். அப்போது பெட்டியின் பொத்தானை அமுக்குவாள். முள் துடித்து, ஆடி, சுழியில், அதாவது பூஜ்யத்தில், வந்து நிற்கும். "சுழி வச்சாச்சு. இனி எவன் வீட்டுல எது கத்தினாலும் எனக்குக் கேட்டுடும்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்குவாள். மழை பெய்தாலும் இதே சடங்குதான், காய்ச்சல் அடித்தாலும் இதேதான். அண்ணன் மகள் சின்ன வயதில் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கதவிடுக்கில் நின்று, மூச்சை நிஜமாகவே பிடித்துக்கொண்டு இதைப் பார்த்திருக்கிறாள்.

அத்தையின் வேலையை ஒரு வரியில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சத்தம் பிடிப்பது. காதுக்குக் கேட்கிற சத்தம் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கின் நடுவில் பெரிய ரேடியோ தொலைநோக்கி ஒன்று இருந்தது. வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்த ஓர் இரும்புத் தட்டு. விண்வெளியிலிருந்து வருகிற ரேடியோ அலைகள் அவ்வளவு மெல்லியவை. பக்கத்துத் தெருவில் பழுதான ஒரு மோட்டார் பொறி விட்டால் போதும், அது தட்டின் காதில் இடியாக விழும். அதனால் பள்ளத்தாக்கில் கைப்பேசி கிடையாது, மைக்ரோவேவ் அடுப்பு கிடையாது. எந்த மின்சாதனம் வாங்கினாலும் அத்தை வந்து பெட்டியை நீட்டிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் சுவிட்சைப் போடலாம்.

திருடனைப் பிடிக்கிறவளைக்கூட ஊர் மெச்சும். ஹேர் டிரையரைப் பிடுங்கிக்கொண்டு போகிறவளை யார் மெச்சுவது? அவள் தெருமுனையில் தென்பட்டாலே, "மூச்சத்தை வர்றா, மூச்சு விடாதீங்க" என்று பிள்ளைகள் ஓடுவார்கள். வைத்த பேர் நிலைத்துவிட்டது. ரோந்து முடிந்து எல்லாம் சுத்தம் என்றால், தபால் நிலையத்துத் தொலைபேசியிலிருந்து கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு ஒரே ஒரு சொல் சொல்வாள்: "மூச்." அவ்வளவுதான். அந்தச் சொல்லை நம்பித்தான் தட்டு திரும்பும்.

அண்ணன் மகளுக்கும் ஒரு பேர் இருந்தது. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அதனால் அத்தையின் புருஷனான மாமா அவளை "பட்டம்" என்றே கூப்பிட்டார். "பட்டம் வாங்கினவ மட்டுமில்ல, பறக்கிற பட்டமும்தான். நூல் எங்க கையில இருக்கிறவரைக்கும் பயமில்ல" என்பார். ஆராய்ச்சி மாணவியாக அதே தொலைநோக்கிக்கு அவள் வந்து சேர்ந்தபோது மாமா விழுந்து இடுப்பொடிந்து படுக்கையில் இருந்தார். அவருக்குப் படுக்கைப்புண் வராமல் இருக்கக் காற்றுமெத்தை போட்டிருந்தார்கள். மெத்தையின் அறைகளில் காற்றை மாற்றி மாற்றி நிரப்ப, கட்டில் தலைமாட்டில் சின்ன பம்பு ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அது வாங்கி வந்த அன்றே அத்தை பெட்டியை நீட்டிப் பார்த்தாள். சுத்தம். புருஷன் மெத்தை என்பதால் இன்னொரு முறையும் பார்த்தாள். அப்போதும் சுத்தம்.

பட்டம் தேடியது வேக ரேடியோ வெடிப்பு. கோடானுகோடி மைல்களுக்கு அப்பால், வேறொரு விண்மீன் மண்டலத்தில் எதுவோ வெடித்துச் சிதறுகிறது. இமைப்பொழுதுகூட இல்லை, அதற்குள் நம் சூரியன் நாள்கணக்கில் கொட்டுகிற ஆற்றலைக் கொட்டிவிட்டு அணைந்துவிடுகிறது. எது வெடிக்கிறது என்று இன்னும் முழுசாகத் தெரியவில்லை. செத்த விண்மீன்களின் காந்த வெறி என்கிறார்கள் பலர். அது வரும் வழியில் விண்வெளியெங்கும் சிதறிக் கிடக்கும் மின்துகள்கள் தாழ்ந்த அதிர்வெண் அலைகளைப் பிடித்து இழுத்துத் தாமதப்படுத்தும். உயர்ந்த அலைகள் முந்திக்கொள்ளும். ஆகவே திரையில் அது நேர்கோடாக விழாது, வால்போல வளைந்து விழும். எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறதோ, அநேகமாக வாலும் அவ்வளவு நீளம்.

அப்படி ஒரு வால் அவள் திரையில் விழுந்தது. மாமாவை மருத்துவமனைக்கு வேனில் கொண்டுபோய், கை முழுக்க மருந்து வாசனையோடு அவள் தாமதமாக வேலைக்கு வந்த பிற்பகல் அது. அதற்கப்புறம் மேற்கே சரியும் அதே வான்துண்டைத் தட்டு பார்க்கும்போதெல்லாம், அவ்வப்போது இன்னொன்று, இன்னொன்று என்று வந்தது. திரும்பத் திரும்ப வெடிக்கும் ஒன்று! அப்படிப்பட்டவை உலகத்திலேயே கொஞ்சம்தான் தெரியும்.

குழுத் தலைவர் உடனே குதிக்கவில்லை. அவர் எந்த வாக்கியத்தையும் "ஆனா" என்று தொடங்குகிறவர். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை ஆனா சார் என்பார்கள்.

"ஆனா, நம்ம தட்டுக்கு ஒத்தைக் காது" என்றார். "பல காது இருந்தா ஒண்ணொண்ணும் வானத்துல வேற வேற இடத்தைக் கேக்கும். ஒண்ணுல மட்டும் கேக்குதா, எல்லாத்துலயும் கேக்குதான்னு பாத்துடலாம். எல்லாத்துலயும் கேட்டா அது பக்கத்து வீட்டுச் சத்தம். நமக்கு அந்த வசதி இல்ல. தட்டு மேற்கே சாயும்போது எதைப் பாக்குது?"

"அந்த வான்துண்டை, சார்."

"அதுக்குக் கீழ?"

கீழே ஊர் இருந்தது.

அத்தை ரோந்தை இரட்டிப்பாக்கினாள். வீடு வீடாகப் போனாள். ஒரே ஓர் இடத்தில்தான் பெட்டி கத்தியது. அவள் வீட்டை ஒட்டிய தையல்கடை. நடுவில் ஒற்றைச் சுவர். தையல்காரி அப்போதுதான் மிதிக்கிற இயந்திரத்துக்கு மோட்டார் பொருத்தியிருந்தாள். முழங்கால் வலியோடு வருஷக்கணக்காக மிதித்தவள்.

"அக்கா, பிளக்கைப் பிடுங்கித்தான வச்சிருக்கேன்! பாருங்க, ஒயர் என் கையில தொங்குது. ஓடாத மோட்டார் எப்படிக்கா கத்தும்?"

"நான் படியேறுறதைப் பாத்ததும் பிடுங்கினே. எனக்குத் தெரியாதா?"

"நீங்க படியேறினப்ப நான் பட்டன் தச்சிட்டிருந்தேன்!"

"பெட்டி பொய் சொல்லாது."

"அப்ப நான் சொல்றேனா?"

அத்தை மோட்டாரில் சிவப்பு நாடாவைச் சுற்றி முத்திரை வைத்துவிட்டு இறங்கினாள். தையல்காரி வாசலில் நின்று ஊர் கேட்கச் சொன்னாள்: "வானத்துல இருக்கிறதெல்லாம் காதுல விழுதாம். எதுத்தாப்ல நிக்கிறவ சொல்றது மட்டும் விழலையாம்!"

மோட்டாருக்கு முத்திரை வைத்த பிறகும் வால் வந்தது. பட்டத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. மோட்டார் இல்லை, வேறெங்கும் சத்தம் இல்லை. அப்படியென்றால் அது வானம்தானே? ஒன்றே ஒன்று உறுத்தியது. முதலில் வந்த வால் மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீளம். ஒரே இடத்திலிருந்து வருகிறவை என்றால் எல்லா வாலும் ஒரே நீளம்தான் இருக்க வேண்டும். அளவுப் பிழையாக இருக்கும் என்று அவளே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஏன் அவ்வளவு சுலபமாகச் சமாதானமானோம் என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறாள். வீட்டில் முதல் பட்டதாரியாக இருப்பதில் ஒரு கஷ்டம் உண்டு: தோற்றுப்போவதற்கு நமக்கு முன்னால் யாரும் வழி போட்டு வைத்திருப்பதில்லை.

அதற்குள் விஷயம் பெரிதாகிவிட்டது. வேறொரு நாட்டில் பல தட்டுகளைக் கோத்து இயங்கும் பெரிய தொலைநோக்கிக் கூட்டம் ஒன்று, ஒரு நாள் மாலை அந்த வான்துண்டின் பக்கம் திரும்ப ஒப்புக்கொண்டது. அன்று ஐந்து மணிக்குள் உறுதி சொல்ல வேண்டும். சொன்னால் உலகம் முழுக்க அறிவிப்பு போகும், பட்டத்தின் பெயரோடு. சொல்லிவிட்டு அது பொய்யாகிப்போனால், அடுத்த முறை இவர்கள் குரல் கொடுக்கும்போது யாரும் திரும்ப மாட்டார்கள். ஆனா சார் கடைசியாக ஒரு ரோந்து கேட்டார். "அத்தை 'மூச்' சொல்லட்டும். அனுப்பிடலாம்."

அன்று நண்பகலில் பட்டம் மாமாவைப் பார்க்கப் போனாள். அத்தை காலை ரோந்தை முடித்து வந்து, நின்றபடியே தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த சுற்றுக்கு வாசலில் நின்றாள். "மூச்!" பட்டம் அனிச்சையாக மூச்சைப் பிடித்தாள். வீடு அசையாமல் நின்றது. அந்த அமைதியில்தான் அவளுக்குக் கேட்டது. உள்ளே, தலைமாட்டில், பம்பு காற்றை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளிவிட்டு "ஸ்ஸ்ஸ்" என்று நீளமாகப் பெருமூச்சு விட்டது.

அத்தை பொத்தானை அமுக்கினாள். முள் சுழிக்கு வந்தது.

பட்டம் முள்ளைப் பார்த்தாள். சுழி வைப்பது என்றால் என்ன? 'இப்போது இங்கே இருப்பதுதான் அமைதி; இதற்கு மேல் இருந்தால் மட்டும் கத்து' என்று பெட்டிக்குச் சொல்வது. மாமா எழுந்து நடந்த காலம்வரை அந்த வாசல் நிஜமாகவே அமைதியான இடம். இப்போது? பம்பு பொறி விட்டுக்கொண்டிருந்தால் அதுவும் அமைதிக் கணக்கில் சேர்ந்துவிடுமே.

"அத்தை, கொஞ்சம் நில்லுங்க. சுழியை வேற இடத்துல வச்சுப் பாக்கலாமா? ஆத்தங்கரைப் பாறைகிட்ட?"

"ஏன், என் வாசலுக்கு என்ன வந்தது?"

"இல்ல... பம்பு..."

அத்தையின் முகம் கல்லாகிவிட்டது. "என் வீட்டுலயா? ஊரு முழுக்க நான் பிடிக்கிறேன், என் வீட்டுல நீ பிடிக்கிறியா? வாங்கின அன்னிக்கே பாத்தேன். ரெண்டு தரம் பாத்தேன்."

"அன்னிக்குச் சுத்தம்தான் அத்தை. இன்னிக்கு?"

"படிச்சவன்னா எதை வேணா கேக்கலாமா? இது கத்துதுன்னு வச்சுக்கோ. உன் வெடிப்பும் போச்சு. தெரியுமில்ல?"

தெரியும். வாயை மூடிக்கொண்டால் போதும். இன்னும் சில மணி நேரத்தில் ஒரு சொல், ஓர் அறிவிப்பு, ஒரு பெயர். வாயைத் திறந்தது ஏன் என்று பட்டத்துக்கு இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியாது. நேர்மை என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருக்கும். பயம் என்பதுதான் பொருத்தம்.

உள்ளே இருந்து மாமாவின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் வாசல்ல நின்னு கத்துற கத்துக்கு ஒரு முத்திரை வைக்கணும். போய்ப் பாத்துட்டுத்தான் வாங்களேன். நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."

ஆற்றங்கரைப் பாறைக்கு நடந்தார்கள். அங்கே சுழி வைத்துவிட்டுத் திரும்பினார்கள். தெரு முனையில் முள் லேசாக அசைந்தது. வாசலில் ஏறியது. மாமாவின் தலைமாட்டில், சுவரோரம், பெட்டி வீல் என்று அலறியது. அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் தையல் இயந்திரம். வாசலைவிடப் பம்புக்கு அதுதான் கிட்டம். அதனால்தான் பெட்டி அங்கே மட்டும் கத்தியிருக்கிறது.

அத்தை மண்டியிட்டுக் கட்டிலுக்கடியில் பார்த்தாள். பம்பின் ஒயர் கட்டில் காலுக்கடியில் நசுங்கி, தோல் உரிந்து கிடந்தது. மருத்துவமனையிலிருந்து மாமாவைத் திரும்பக் கொண்டுவந்த அன்று, வெளிச்சம் கண்ணில் படுகிறது என்று அவர் சொன்னதால் கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டார்கள். தள்ளியது அத்தையும் பட்டமும். பம்பு ஒவ்வொரு முறை பக்கம் மாறி அடங்கும்போதும் அந்த நசுங்கல் பொறி விட்டிருக்கிறது. உயர்ந்த அலையில் தொடங்கித் தாழ்ந்து இழுபடும் ஓர் இரைச்சல், வெடிப்பின் வாலைப் போலவே. தட்டு ஊர்ப் பக்கம் சாயும்போது மட்டும் அது காதில் விழுந்திருக்கிறது.

அத்தை சுவிட்சை அணைத்தாள். மெத்தை மெல்ல இறங்கியது. மாமாவைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். அத்தை தபால் நிலையத்துக்குப் போகவில்லை. நேராகக் கட்டுப்பாட்டு அறைக்கு நடந்தாள்.

அத்தனை வருஷத்தில் அவள் அந்த அறைக்குள் வந்ததே இல்லை. வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள். யாரும் கழற்றச் சொல்லவில்லை.

"மூச் இல்ல, சார்" என்றாள். "சத்தம் என் வீட்டுலதான்."

ஆனா சார் "ஆனா" என்று தொடங்கவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "அப்ப எல்லாத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான். அவங்களுக்கு வேண்டாம்னு சொல்லிடறேன்" என்று தொலைபேசியை எடுத்தார்.

அப்போதுதான் பட்டத்துக்கு அந்த நீளமான வால் மறுபடி உறுத்தியது.

"சார், முதல் வெடிப்பு! அதோட வால் மட்டும் வேற. அது வந்த நாள்ல மாமா வீட்டுலயே இல்ல. ஆஸ்பத்திரில இருந்தார். கட்டிலை நகர்த்தினதே அதுக்கப்புறம்தான்."

"ஆனா" என்றார் அவர், தொலைபேசியைக் கீழே வைக்காமல். "ஒயர் முன்னாடியே பழுதாகியிருந்தா? பம்பை அணைக்காம போயிருந்தா? ஆள் இல்லாத மெத்தையிலயும் அது ஓடும்."

"மெயின் சுவிட்சையே அணைச்சுட்டுத்தான் போனேன்" என்றாள் அத்தை.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. இன்னிக்குக் காலையிலகூட உங்க வீடு சுத்தம்னு நினைச்சீங்க. இப்ப இது உங்க வீட்டுப் பொண்ணு விஷயம். உங்க சொல்லை மட்டும் வச்சு உலகத்துக்குச் சொல்ல முடியுமா?"

அத்தை தலையைக் குனிந்தாள். யாரும் அதுவரை அவள் சொல்லுக்குச் சாட்சி கேட்டதில்லை. அந்த நாளை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தாள்.

"நான் அணைக்கல" என்றாள் கடைசியில். "அவசரத்துல மறந்துட்டு வேன்ல ஏறிட்டேன். ஏறின பிறகுதான் ஞாபகம் வந்துச்சு. ஜன்னல் வழியா அணைக்கச் சொல்லிக் கத்தினேன். அணைச்சிருப்பாங்க."

"யாரு?"

அத்தை வாயிலிருந்து அது சுலபமாக வரவில்லை. "தையல்காரி."

அலுவலக வண்டியில் பட்டம் பறந்தாள். அத்தை வரவில்லை, "நீ கேளு" என்றதோடு சரி. கடையில் தையல்காரி மிதித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சிவப்பு நாடாவோடு மோட்டார். பட்டம் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கொட்டினாள். பம்பு, ஒயர், சுவர், உங்கள் மோட்டார் கத்தவில்லை. அந்த நாள், மெயின் சுவிட்ச்.

மிதி நின்றது.

"அப்ப என் மோட்டார் கத்தல."

"இல்லக்கா."

"கேக்க உங்க அத்தை வரல."

"இல்லக்கா."

தையல்காரி நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். அவசரமே இல்லாமல் துணியை மடித்தாள். கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று பட்டம் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டு நின்றாள். தெரியாது என்று ஒரு சொல் போதும், ஞாபகமில்லை என்றாலும் போதும். அதைச் சொல்ல இவளுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது என்றுதான் அப்போது அவளுக்குத் தோன்றியது.

"எங்க பேசணும்?" என்றாள் தையல்காரி.

தபால் நிலையத்துத் தொலைபேசியில் அவள் குரல் கடையில் இருப்பதுபோலவே இருந்தது. "ஆமா சார், நான்தான் அணைச்சேன். அந்த மெயின் சுவிட்ச் பிடி துருப்பிடிச்சுக் கிடந்துச்சு, இழுத்ததுல கையைக் கிழிச்சிடுச்சு. தையல் போட்ட தழும்பு இருக்கு, வந்து பாத்துக்குங்க. வாசல்ல எரிஞ்ச லைட்டு அணைஞ்சதைப் பாத்துட்டுத்தான் திரும்பினேன்... எப்பப் போட்டாங்களா? பொழுது சாஞ்சு வேன் திரும்பி வந்த பிறகு, அவங்களேதான்... இல்ல சார், எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. சொல்லிக் குடுக்கிற அளவுக்கு நாங்க இப்ப பேசிக்கிறதில்ல."

அறிவிப்பு போனது. திரும்பத் திரும்ப வெடிக்கும் அதிசயமாக இல்லை. ஒரே ஒரு வெடிப்பாக. மற்றவை எல்லாம் எங்கள் ஊர்ச் சத்தம், தள்ளிவிடுங்கள் என்ற குறிப்போடு. பெரிய தொலைநோக்கிக் கூட்டம் அன்று மாலை பார்த்தது, ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. ஒருமுறை மட்டும் வெடிப்பவைதான் அதிகம் என்கிறார்கள். பட்டியலில் அது இருக்கிறது, ஓர் எண்ணாக. பட்டத்துக்கு அது போதுமா என்று கேட்டால் சில நாள் போதும் என்பாள், சில நாள் பேச்சை மாற்றிவிடுவாள்.

மாமாவுக்கு இரும்புப் பெட்டிக்குள் வைத்த புதுப் பம்பு வந்தது. அத்தையை வேலையிலிருந்து எடுக்கவில்லை. "தன் வீட்டைத் தானே பிடிச்சுக் குடுத்த ஆளை எடுத்துட்டு யாரைப் போடுறது?" என்றார் ஆனா சார், அந்த முறையும் ஆனா போடாமல். ஓய்வு பெறும்வரை அவள் ஆற்றங்கரைப் பாறைக்கு நடந்துபோய்த்தான் சுழி வைத்தாள். ஊர் அவளைப் பார்த்து ஒளிவது குறைந்தது, கிண்டல் கூடியது. அதையும் வாங்கிக்கொண்டாள்.

தையல்காரியின் மோட்டாரிலிருந்த முத்திரையை அவிழ்க்க மட்டும் அவள் போகவில்லை. அலுவலகத்துக் கடைநிலை ஊழியர் ஒருவர் போய் நாடாவை வெட்டிவிட்டு வந்தார். "நீங்களே போயிருக்கலாமே அத்தை" என்று பட்டம் ஒருமுறை கேட்டாள். "போகணும்" என்றாள் அத்தை. "போய் என்ன சொல்றது? மோட்டாருக்கா, அந்த ஃபோனுக்கா? எதை முதல்ல சொல்றது?" மாமா போன துக்கத்துக்குத் தையல்காரி வந்து தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அன்றும் அத்தை எதுவும் சொல்லவில்லை. வேலையிலிருந்து நின்று, வெளியூரில் இருந்த மகன் வீட்டோடு போய்ச் சேர வண்டியில் சாமான் ஏற்றிய நாளிலும் சொல்லவில்லை. கடை திறந்துதான் இருந்தது. மோட்டார் ஓடுகிற சத்தம் தெருவரை கேட்டது. இரண்டாம் வருஷம் மகன் வீட்டிலேயே அத்தையும் கண்ணை மூடினாள்.

காரியம் முடிந்து திரும்பிய பட்டம் தையல்கடைக்குப் போனாள். அத்தை சொல்லாமல் விட்டதைத் தான் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் வார்த்தை கோத்துக்கொண்டு போனவளை, பாதி சொல்வதற்குள் தையல்காரி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உன்கிட்ட எனக்கு என்னடி பாக்கி? நீ அன்னிக்கே வந்து கேட்டே, நான் வந்தேன், முடிஞ்சுது. அது அவங்க எனக்குத் தர வேண்டியது. நீ குடுத்தா நான் வாங்கிக்க மாட்டேன்."

"அவங்கதான் இல்லையேக்கா."

"இல்லதான்" என்றாள் தையல்காரி. "அதனால அந்தப் பாக்கி இருக்கு."

துணியை ஊசிக்கடியில் தள்ளி மோட்டாரை ஓட்டினாள்.